விழிப்புணர்வுச் செம்மல்

பாகூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தெய்வநாயகம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல்கூடத் துலக்காமல் ஒரு முடிவெடுத்தார். இனி இந்த வீட்டில் யாரும் எவனிடமும் ஏமாறக் கூடாது. முடிவெடுத்த கையோடு பெண்டாட்டியின் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“இன்னாங்க இது?” என்றாள் விசாலாட்சி.

“பாதுகாப்பு.”

“யாருக்கு?”

“ஒனக்குதான். கிருமாம்பாக்கம் சிவப்பிரகாசம் கதை தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன, ஊர் பூரா சிரித்த கதை. சிவப்பிரகாசம் கரும்பு போடுகிறவர். நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர். எவனோ போலீஸ் தொப்பியோடு வீடியோவில் வந்து, “உன் பேர்ல கடத்தல் பார்சல் புடிச்சிருக்கோம், நீ இப்ப டிஜிட்டல் அரெஸ்டு, அசையாத” என்றிருக்கிறான். மனுஷன் பகல் முழுக்கப் போனுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒண்ணுக்குப் போகக்கூட “சார், போயிட்டு வந்துடட்டுங்களா?” என்று உத்தரவு கேட்டாராம். சாயங்காலம் அவன் விடுதலை கொடுத்தபோது பேங்கில் இருந்ததெல்லாம் துடைத்துப் போயிருந்தது.

“ஏமாந்தது அவரு. போனைப் புடுங்கறது என்னுதா?”

“ஆம்பளையே ஏமாந்துட்டான். நீ எம்மாத்திரம்?”

“நான் எங்க ஏமாந்தேன்?”

“ஏமாறல. ஏமாறக் கூடாதுன்னுதான் சொல்றேன். இனிமே போனு கடையில எங்கிட்ட இருக்கும். மத்தியானம் சாப்பிட வரச்சே எடுத்துக்கினு வருவேன். தெரியாத நம்பர்ல எவன் கூப்ட்டாலும் என் எதிர்க்க ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு. நான் கேட்டு மார்க்கு போடறேன்.”

“மார்க்கா?”

“பயிற்சி வேணாமா?”

“தெரிஞ்ச நம்பர்ல இருந்து வந்தா?”

தெய்வநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் ஒன்றுமில்லை. “தெரிஞ்சதையெல்லாம் நானே பாத்து வச்சிருக்கேன். வேண்டாததை எடுத்துட்டேன்,” என்றார்.

வேண்டாதது ஒன்றே ஒன்றுதான். யாமினி. பெற்ற பெண்.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல மாட்டாரே! யாமினி புதுச்சேரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த சார்லஸ் என்ற பையனை ரெஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு சாமி. தெய்வநாயகம் அன்றைக்குக் கடையைக்கூட மூடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் “எனக்குப் பொண்ணு கெடையாது” என்று, குக்கர் விலை சொல்கிற அதே குரலில் சொன்னார். தன் போன் நம்பரை மாற்றிக்கொண்டார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை.

ஆனால் மனசுக்குள் ஒரு நாடகம் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. யாமினி ஒருநாள் வாசலில் வந்து நிற்பாள். “தப்புப்பா” என்று அழுவாள். இவர் கொஞ்ச நேரம் முறைப்பார். தெருவே வேடிக்கை பார்க்கும். அப்புறம் பெரிய மனசு பண்ணி “சரி சரி, உள்ள வா” என்பார். அந்த “உள்ள வா”வைத் தான்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மனுஷன் காத்துக்கொண்டிருந்தார். சொன்னால் கேவலம், ராத்திரி படுக்கும்போது அதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்ப்பதும் உண்டு.

போன வாரம் விசாலாட்சி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று போனில் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். தாயும் மகளும் பின்பக்கமாக ராசியாகிவிட்டால் இவர் முறைப்பதற்கு என்ன மதிப்பு? சிவப்பிரகாசம் நல்ல நேரத்தில் ஏமாந்தார்.

சாக்குக்கு எடுத்த வேலைதான். ஆனால் எடுத்தபிறகு அதுவே தலைக்கேறிவிட்டது.

பாத்திரக்கடையில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். தெய்வநாயகம் மிஷினைக் கையில் பிடித்தால் ட்ர்ர்ர் என்று முத்து முத்தாக எழுத்து விழும். இப்போது வாங்குகிறவர் பேருக்குக் கீழே இலவசமாக ஒரு வரி சேர்த்தார்: “ஓடிபி சொல்லாதே.” டம்ளரில், தூக்கில், இட்லிப் பானை மூடியில், எல்லாவற்றிலும்.

அபிஷேகப்பாக்கத்திலிருந்து கல்யாணச் சீர் வாங்கிப்போன அம்மாள் மூன்றாம் நாள் குத்துவிளக்கோடு திரும்பி வந்தாள்.

“இன்னா மொதலாளி எழுதி வச்சிருக்கற? சம்மந்தியம்மா கேக்கறாங்க, ஓடிபின்றது யாரு, பொண்ணுக்கு மின்னாடி பேசினு இருந்த பையனான்னு! நான் எங்க போயி முட்டிக்க?”

“விழிப்புணர்வும்மா. இலவசம்.”

“அப்ப இலவசமா அழிச்சிக் குடு.”

ஊர் அவருக்கு ‘ஓடிபி’ என்றே பேர் வைத்துவிட்டது. “ஓடிபி போறாரு பாரு” என்று பையன்கள் டீக்கடையில் சொன்னார்கள். தெய்வநாயகம் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் பயிற்சி அதைவிட மும்முரம். மத்தியானம் அவர் சாம்பாரை முடித்து ரசத்துக்கு வரும்போது சொல்லிவைத்தது போல் போன் அடிக்கும். தெரியாத நம்பர். ஸ்பீக்கர்.

“வணக்கம் மேடம்! உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு மேடம்!” ஒரு பெண், கீச்சென்ற குரல். மூச்சுக்கு ஒரு மேடம்.

“ஏண்டி, ஒனக்கு வேற பொழப்பே இல்லியா? நேத்துதானே வேணாம்னேன்!” விசாலாட்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள்.

“மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா மேடம்?”

“இன்னாத்த பேசப் போற? எனக்கு முட்டிவலி கொறஞ்சிருக்கு, சுகர் மாத்திரைய ஒழுங்கா போட்டுக்கறேன், வூட்டுல அரிசி பருப்பு இருக்குது. எனக்கு எதுக்குடி லோனு?”

“ரொம்ப சந்தோஷம் மேடம். மாத்திரைய மட்டும் வுட்டுடாதீங்க மேடம்.”

“நீ மொதல்ல சாப்ட்டியா? கொரலு ஏன் இப்டி எறங்கிக் கெடக்குது? வயித்துக்கு ஒழுங்கா தின்னாம ஊரானுக்கு லோன் விக்க வந்துட்டா! மொருங்கக்கீரைய வதக்கித் துன்னு. பஸ்ஸுல நின்னுக்கினு போவாத, எடம் கேட்டு ஒக்காரு. வைடி போனை!”

தெய்வநாயகத்துக்குச் சோறு இறங்குகிற வேகமே தனி. “அப்டிப் போடு! பத்துக்கு ஒம்பது.”

“ஒண்ணு ஏன் கொறச்சீங்க?”

“கடைசியில புத்தி சொன்ன பாரு, அது வேஸ்ட்டு. திருட்டுக் கழுதைக்குக் கீரை ஒரு கேடா?”

விசாலாட்சி ரசத்தை ஊற்றினாள்.

தினமும் இதுதான். நம்பர் மட்டும் ரெண்டு மூன்று மாறி மாறி வரும், குரல் ஒன்று. ஒருநாள் வரவில்லை என்றால் தெய்வநாயகமே “இன்னாடி, இன்னிக்கு லோனைக் காணும்?” என்பார். விசாலாட்சி வாசலைப் பார்த்துக்கொண்டு, “ஒடம்பு சரியில்லியோ என்னமோ, தலசுத்தலா இருக்கும்” என்பாள். திருடிக்குக்கூட இரக்கப்படுகிறாளே என்று அவர் சிரிப்பார்.

அப்புறம் ஆடியில் ஒருநாள். கடையில் எவனோ குக்கரைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டிருந்தான், அந்த எரிச்சலோடு வந்திருந்தார். “வணக்கம் மேடம்” என்று ஆரம்பித்ததும் போனை அவரே பிடுங்கிக்கொண்டார்.

“ஏம்மா, எவன் பெத்த பொண்ணு நீ? ஒங்கப்பன் ஒன்ன இந்தத் திருட்டுத் தொழிலுக்குத்தான் வளத்தானா? அவன் மூஞ்சில போய் முழிக்க முடியுமா ஒன்னால?”

அந்தப் பக்கத்திலிருந்து கீச்சும் இல்லை, மேடமும் இல்லை, சாதாரணமாக ஒரு குரல் வந்தது.

“முழிக்கணும்னுதான் சார் ஆசையா இருக்குது. அவருதான் பாக்க மாட்டேங்கறாரு.”

போன் வைக்கப்பட்டது.

“பாத்தியா? பெத்தவனே தொரத்தி வுட்டிருக்கான். மானஸ்தன்!” என்று சொல்லிவிட்டு மோரை எடுத்துக் குடித்தார்.

விசாலாட்சி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

ஐப்பசி பிறந்தது. டாட்டா ஏஸ் ஓட்டுகிற கண்ணையன் கடைக்கு வந்தான். தெய்வநாயகத்தின் வாடகைப் பாத்திரங்களை விசேஷ வீடுகளுக்கு ஏற்றிப்போகிறவன்.

“மொதலாளி, ஞாயித்துக்கெழமைக்கு அண்டா ரெண்டு, தாம்பாளம் ஒரு டசன், பெரிய கரண்டிங்க வேணும். வளைகாப்பு.”

“யார் வூட்டுல?”

“நமக்கு வேண்டப்பட்ட வூடுதான்.”

“வேண்டப்பட்டவங்களா இருந்தாலும் அட்வான்ஸு அட்வான்ஸுதான். போன தடவ அண்டாவ நசுக்கிக் கொண்டாந்த.”

“இந்த வூட்ல நசுங்காது. பாத்திரத்தோட அருமை தெரிஞ்ச அம்மா அவங்க,” என்றான் கண்ணையன். சிரிப்பை அடக்க வெற்றிலையை மெல்வது போல் வாயைக் கோணிக்கொண்டான். தெய்வநாயகம் அண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நசுங்கலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம்தான் அந்தப் போன் வந்தது. விசாலாட்சிக்கு இல்லை. இவருக்கு.

“அய்யா வணக்கம். பாகூர் தெய்வநாயகம் அய்யாங்களா? வில்லியனூர் மக்கள் விழிப்பு மன்றத்துல இருந்து பேசறேங்கய்யா.” இளவட்டக் குரல். பஞ்சு மாதிரி. “பாத்திரத்துலயே வாசகம் வெட்டி மோசடிய எதிர்க்கறவரு கொம்யூன் பஞ்சாயத்துலயே நீங்க ஒருத்தருதான்னு சொன்னாங்க. உங்களுக்கு ‘விழிப்புணர்வுச் செம்மல்’னு பட்டம் குடுத்து, பொன்னாடை போத்தலாம்னு மன்றத்துல முடிவு பண்ணியிருக்கோம்.”

தெய்வநாயகம் கல்லாவை விட்டு எழுந்து நின்றார். இருந்தாலும் சும்மா விடுவாரா. விசாரணையை ஆரம்பித்தார்.

“எவ்ளோ கட்டணும்?”

“அய்யய்யோ, ஒத்தப் பைசா வேணாங்கய்யா.”

“ஓடிபி வருமா?”

“வராதுங்கய்யா.”

“லிங்க்கு கிங்க்கு அனுப்பிச்சி அமுக்கச் சொல்லுவியா?”

“நீங்க வந்தாலே போதுங்கய்யா. ஞாயித்துக்கெழம காலையில கெளம்பி வந்துடுங்க. சாயங்காலம் வரைக்கும் எங்களோடவே இருக்கணும், நடுவுல போயிடக் கூடாது. அதான் எங்க வேண்டுகோளு.”

பணம் இல்லை, ஓடிபி இல்லை, லிங்க் இல்லை. மூன்று பரீட்சையிலும் பாஸ். நாலாவதாக ஒன்று இருப்பது, அதாவது புகழ்ந்தே ஒருத்தனைக் கவிழ்க்கலாம் என்பது, தெய்வநாயகத்தின் பாடத்தில் கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னார். விசாலாட்சி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“போவாதீங்க.”

“ஏன்?”

“ஏமாத்தா இருக்கப் போவுது. பரிசுன்னு எவன் கூப்ட்டாலும் நம்பாதன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“எதைத் திருடப் போறான்? என்னைத் தூக்கிக்கினு போய் இன்னா பண்ணுவான்?”

“அதுவும் சரிதான். இருந்தாலும் அப்டி ஒரு மன்றம் இருக்குதான்னு விசாரிங்க.”

“எனக்கு ஒரு பட்டம் வந்தா ஒனக்குப் பொறுக்காதே!”

“நான் சொல்றதச் சொல்லிட்டேன். போவாதீங்க. நாளைக்கு விசாலாட்சி சொல்லலன்னு சொல்லக் கூடாது.”

அவள் போகாதீர்கள் என்றதும் போவது உறுதியாகிவிட்டது. தாலி கட்டின நாளிலிருந்து அவர் அப்படித்தான். அது விசாலாட்சிக்குத் தெரியாதா என்ன?

“அந்தப் புள்ள பேசறத நீ கேக்கணுமே! வார்த்தைக்கு வார்த்தை அய்யா, அய்யான்னு. நல்ல வூட்ல பொறந்த புள்ள. இந்த மாரி ஒருத்தன் நமக்கு...” நிறுத்திக்கொண்டார்.

“நமக்கு?”

“ஒண்ணுமில்ல. சோத்தப் போடு.”

அன்றைக்குச் சோற்றில் நெய் தாராளமாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை. இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் புகையிலை வாசனை போக ரெண்டு ஏலக்காய். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் போய்ச் சேர்ந்தார். சொன்ன கல்யாண மண்டபம் சொன்ன இடத்தில் இருந்தது. வாசலில் வாழை மரம், ஸ்பீக்கரில் நாயனம். கூட்டமான கூட்டம். தெய்வநாயகம் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார். தனக்கு இவ்வளவு செலவா!

“வாங்க வாங்க” என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் மொட்டை போட்ட ஒரு குழந்தை வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. விழாவுக்கு முன்னால் ஏதோ நிகழ்ச்சி போலிருக்கிறது என்று நினைத்தார். ஒருத்தர் கையில் பளபளவென்று பொன்னாடையோடு இவரைப் பார்த்து வந்தார். தெய்வநாயகம் எழுந்து, கண்ணை மூடி, கழுத்தைத் தாழ்த்தினார்.

பொன்னாடை வரவில்லை. கண்ணைத் திறந்தார். அது பின்வரிசையில் இருந்த ஆளின் தோளில் கிடந்தது.

“பெரியவரே, சித்த நவுந்துக்கோங்க. தாய்மாமனை மறைக்கறீங்க, போட்டோல வுழமாட்டாரு.”

“விழிப்பு மன்றம்...?”

“அது எந்தப் பக்கத்து ஒறவுங்க?”

காதுகுத்து. தெய்வநாயகம் வெளியே வந்து பஞ்சுக் குரலுக்குப் போன் போட்டார்.

“அய்யா, வந்துட்டீங்களா? ரொம்ப சந்தோஷங்கய்யா. காதுகுத்து முடிஞ்சதும் அதே மண்டபத்துல நம்ம விழாதான். சாப்ட்டீங்களா? சாப்பிடாம இருக்காதீங்க.”

“அங்க இன்னாப்பா, பொம்பளைங்க சத்தம்?”

“ஏற்பாடெல்லாம் நடந்துக்கினு இருக்குதுங்கய்யா.”

பஞ்சுக் குரலில் அந்த அக்கறை இருந்ததே, அதுதான் அவரைக் கட்டிப்போட்டது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கும்பிட்டுவிட்டுத் திரும்ப நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காதுகுத்துக் கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடக்கினார்கள். கடைசியில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் பாக்கி. மடக்குகிறவன் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். போனை எடுத்துத் திரும்ப அடித்தார். ஸ்விட்ச் ஆஃப்.

புரிந்துவிட்டது. என்னத்தைத் திருடினான் என்று மட்டும் பிடிபடவில்லை. பையைத் தடவினார், செயினைத் தடவினார், எல்லாம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஊர். ஓடிபியே ஏமாந்துவிட்டது என்று தெரிந்தால் கிருமாம்பாக்கத்திலிருந்து சிவப்பிரகாசம் வண்டி கட்டிக்கொண்டு சிரிக்க வருவார்.

ஆள் என்ன செய்தார் தெரியுமா? வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய், தன் காசிலேயே ஒரு பொன்னாடை வாங்கினார். கடைக்காரன் “யாருக்குங்க போத்தறீங்க?” என்றான். “ஒரு செம்மலுக்கு” என்றார். பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, தானே போர்த்திக்கொண்டார்.

வாசலுக்கு வந்தபோது முதலில் பக்கத்து வீட்டுச் செல்வகுமாரி எதிர்ப்பட்டாள். ரெண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல். நெற்றியில் குங்குமம்.

“வாங்கண்ணே! பட்டம் குடுத்துட்டாங்களா?” கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

வாசல் ஈரமாக இருந்தது. ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு இன்னும் கோலத்தின்மேல் கலைந்து கிடந்தது. புளிச்சோறு வாசனை. பக்கவாட்டில், கழுவிக் கவிழ்த்த அண்டா ரெண்டு. அடியில் கடைப் பேர், அவர் கையால் வெட்டினது.

விசாலாட்சி பட்டுப்புடவையோடு உள்ளே பாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். தெய்வநாயகத்துக்குப் பாதி புரிந்தும் வாய் மட்டும் பழைய பொய்யிலேயே போனது.

“குடுத்துட்டாங்க,” என்றார், பொன்னாடையைத் தொட்டு.

“யாரு குடுத்தா?”

“மன்றத்துத் தலைவருதான். தன் கையாலயே போத்தினாரு.”

“தலைவரு இங்கதானே இருந்தாரு,” என்றாள் விசாலாட்சி. “இப்பதான் பொண்டாட்டிய கூட்டிக்கினு பஸ்ஸுக்குப் போறாரு.”

தெய்வநாயகம் பொன்னாடையிலிருந்து கையை எடுத்தார். பஞ்சுக் குரல். நல்ல வீட்டில் பிறந்த பிள்ளை.

“அவனா?”

“அவருதான். சார்லஸு.”

“அப்ப... யாமினி வந்தாளா?”

“வந்தா. ஒம்பதாம் மாசம். தோ, நீங்க ஒக்காந்து மார்க்கு போடற எடத்துலதான் நாற்காலி போட்டு ஒக்கார வச்சோம். தெருவுல ஒரு பொம்பள பாக்கியில்ல, எல்லாரும் வந்து வளையல் போட்டாங்க. அண்டா வாடகைகூட கண்ணையன்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். ஒங்க சொத்துல ஒரு கரண்டியகூட நான் ஓசியில எடுக்கல.”

“என் வூட்டுக்குள்ள அவள உள்ள வான்னு யாருடி சொன்னது?”

“அவ வூட்டுக்கு அவ வர்றா. யாரு சொல்லணும்?”

அவ்வளவுதான். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த “உள்ள வா” ஒன்றுக்கும் உதவாமல் போனது. கோபம் வருமென்று பார்த்தார். வரவில்லை.

“ஒரு வார்த்தை... எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா...”

“கேட்டாளே. லோன் வேணுமான்னு தெனம் கேட்டாளே.”

“எந்த லோனு?” கேட்கும்போதே குரல் உள்ளே போய்விட்டது. “அவளா? அந்தக் கீச்சு...?”

“அவதான். லோனுக்காரி மாரி கூப்புடச் சொல்லி கண்ணையன்கிட்ட சொல்லியனுப்பினேன். போனை நீங்க வச்சிக்கினா எம்பொண்ணுகிட்ட நான் எப்பதான் பேசறது? ஒங்க எதிர்க்கவே பேசினேன். மார்க்கு வேற வாங்கினேன்.”

“செல்வகுமாரி போனை வாங்கிப் பேசியிருக்கலாமே! இவ்ளோ கள்ளத்தனம் எதுக்கு?”

விசாலாட்சி பாயைக் கீழே போட்டாள். “எம்பொண்ணுகிட்ட பேச நான் எதுக்கு அடுத்தவ வாசல்ல நிக்கணும்? எனக்கு வூடு இல்ல? அவ மாசமா இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கு ஒரு முத்தம் குடுக்க முடியல. வைடி போனைன்னு கத்தினேன். திட்டித் திட்டியே சாப்ட்டியா தூங்கினியான்னு கேட்டேன். பெத்தவ பேசற பேச்சா அது?”

“கொரலு வேற மாரி இருந்துச்சு விசாலம். எனக்கு எப்டித் தெரியும்?”

“ஒருநாளு அவ கொரல மாத்தாமதான் பேசினா. அவரு மூஞ்சில முழிக்கணும்னு ஆசையா இருக்குதுன்னா. நீங்க மோரு குடிச்சீங்க.”

அந்தக் குரல் தெய்வநாயகத்துக்கு இப்போது கேட்டது. சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து டம்ளர்களை அடுக்கிக்கொண்டு “அப்பா, இதுல என் பேரு வெட்டுப்பா” என்ற அதே குரல். மோர் குடிக்கிற நேரத்தில் அது காதில் விழவில்லை.

“வளைகாப்பு முடிஞ்சா தாய் வூட்லதானே தங்கணும். அதானே மொறை? ஏன் அனுப்பிட்ட?”

“இருடின்னுதான் சொன்னேன். அப்பா வர்றதுக்குள்ள போயிடறேம்மான்னா.”

விசாலாட்சி பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காலையில் பட்டத்து நினைப்பில் அவர் விட்டுப்போன அவள் போன் மேஜைமேல் கிடந்தது. தெய்வநாயகம் எடுத்துப் பார்த்தார். மத்தியானத்தில் அடிக்கடி வந்த நம்பர் அதில் இருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். வெளியே வந்து கவிழ்த்த அண்டாவின்மேல் உட்கார்ந்தார். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

“ஹலோ, யாரு?”

“நான்தாம்மா. அப்பா.”

கண்டக்டர் யாரையோ உள்ளே நகரச் சொன்னது கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. தெய்வநாயகம் போனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

“யாமினி, அப்பாம்மா. பாகூர்ல இருந்து. வூட்டுக்கு வாம்மா.”

“எங்கப்பா எனக்குப் போன் பண்ண மாட்டாரு சார்,” என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. “வேற யாரையாவது போயி ஏமாத்துங்க.”

மறுபடி போட்டார். போகவில்லை. இன்னொரு தடவை போட்டார். நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

“யாருங்க போன்ல?” உள்ளேயிருந்து விசாலாட்சி கேட்டாள்.

“ராங் நம்பர்,” என்றார் தெய்வநாயகம்.